சுற்றுவட்டத்தில் யாருடைய முறை?

வாய்க்கால் தண்ணீருக்கு முறை உண்டு என்பதை எமது கமக்காரர்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரணைமடுவாக இருந்தாலென்ன, கட்டுக்கரைக் குளமாக இருந்தாலென்ன, இன்று யாருடைய காணிக்குத் தண்ணீர், நாளை யாருடைய காணிக்கு என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். இன்னொருவருடைய முறையில் இரவோடிரவாக வரம்பை வெட்டித் தண்ணீரைத் திருப்பியவரை ஊர் இலேசில் மறப்பதில்லை. அதே கமக்காரர் நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்கு வருகிறார். சுற்றுவட்டம் வருகிறது. அங்கும் ஒரு முறை இருக்கிறது. ஆனால் அங்கே அவரும் முறை பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு நிற்கும் பஸ் சாரதியும் பார்ப்பதில்லை. யாருடைய வாகனம் பெரிதோ, யாருக்கு நெஞ்சழுத்தம் அதிகமோ, அவரே முதலில் போகிறார்.

காலை ஏழரை மணிக்கு ஏதாவதொரு பட்டணத்துச் சுற்றுவட்டத்தின் ஓரத்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை ஏற்றிச் செல்லும் தகப்பன், வட்டத்தைச் சுற்றிப் போக நேரமில்லை என்று வலப்பக்கமாகவே வெட்டித் திரும்புவார். முச்சக்கரவண்டி வட்டத்துக்குள்ளேயே நின்று ஆள் ஏற்றும். தனியார் பஸ் வண்டி ஒன்று முன்னால் போன மற்றொன்றை முந்துவதற்காக வேகத்தைக் குறைக்காமலே உள்ளே நுழையும். வட்டத்துக்குள் முறையாக வந்துகொண்டிருப்பவர் பயந்துபோய்ப் பிரேக் போடுவார். அவருக்குப் பின்னால் வருபவர் அவரைத் திட்டுவார். இரண்டு மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டால் ஒரே வாதம்தான்: "நான்தானே முதலில் வந்தனான்!" சுற்றுவட்டத்தில் முதலில் வந்தவர் யார் என்பது கேள்வியே இல்லை என்பதை இருவரும் அறிந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வடக்கிலே ஒரு தலைமுறை வாகனங்கள் இல்லாத வீதிகளில் வளர்ந்தது. 1990களில் பொருளாதாரத் தடையின் கீழ் பெற்றோல் கிடைக்கவில்லை. மண்ணெண்ணெயில் புகை கக்கிக்கொண்டு ஓடிய பழைய ஒஸ்ரின் கார்களும், மாட்டு வண்டில்களும், கணக்கற்ற துவிச்சக்கரவண்டிகளுமே அன்றைய போக்குவரத்து. ஏ9 வீதி 2002இல் திறந்தது. 2006 ஓகஸ்ற்றில் மறுபடியும் மூடப்பட்டது. 2009இல் யுத்தம் முடிந்த பின்னரே அது நிலையாகத் திறந்தது. முகாம்களிலிருந்து ஊர் திரும்பிய குடும்பங்கள் கூரைக்குத் தகரம் தேடிக்கொண்டிருந்த அதே காலத்தில் வீதிகள் அகலமாக்கப்பட்டுக் கார்ப்பெற் போடப்பட்டன. லீசிங் கொம்பனிகள் வந்தன. முற்பணம் கொஞ்சம் கொடுத்தால் மோட்டார் சைக்கிள் வீட்டு முற்றத்தில் நின்றது. நாற்பது வயதுவரை சைக்கிளில் போய்வந்த மனிதர் நாற்பத்தோராவது வயதில் மணிக்கு எழுபது கிலோமீற்றர் வேகத்தைக் கையில் பெற்றார். வீதி மாறியது, வாகனம் மாறியது. இடையில் கற்றுக்கொடுக்க வேண்டியதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அனுமதிப்பத்திரம் எடுத்தவர்கள் கற்றிருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். எழுத்துப் பரீட்சைக்கு வினாக்களையும் விடைகளையும் மனனம் செய்வதும், செயன்முறைப் பரீட்சைக்கு எட்டுப் போட்டுக் காட்டுவதும் வேறு. நாலு பக்கத்தாலும் வாகனம் வரும் சந்தியில் யாருக்கு இடம் விடுவது என்று கண நேரத்தில் தீர்மானிப்பது வேறு. லாண்ட்மாஸ்டர் ஓட்டுவதற்கும் அனுமதிப்பத்திரத்தில் தனியான வகுப்பு உண்டு, அதன் பெயர் ஜீ1 என்பதையே கேள்விப்படாதவர்கள் எமது கிராமங்களில் பலர்.

சரி, அந்த முறைதான் என்ன?

எமது நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கத்தால் செல்கின்றன. ஆகவே சுற்றுவட்டத்திலும் மணிக்கூட்டு முள் சுற்றும் திசையிலேயே சுற்ற வேண்டும். நடுவிலுள்ள திட்டு எப்போதும் உங்கள் வலது கைப் பக்கம் இருக்கும். அப்படியானால், வட்டத்துக்குள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருப்பவர் உங்களுக்கு எந்தப் பக்கத்தால் வருவார்? வலப்பக்கத்தால். அவருக்கே முறை. நுழைபவர் வேகத்தைக் குறைத்து, வலப்பக்கம் பார்த்து, வருபவர் இருந்தால் வாயிலிலுள்ள கோட்டில் நிற்க வேண்டும். ஒருவரும் வராவிட்டால் நிற்கத் தேவையில்லை, மெதுவாக நுழையலாம். நுழைந்துவிட்ட பின் முறை உங்களுடையது; இனி வெளியே நிற்பவர் உங்களுக்காகக் காத்திருப்பார். நீங்கள் உள்ளே நின்று அவரை "வாருங்கோ, வாருங்கோ" என்று கூப்பிடுவது நல்ல மனதாக இருக்கலாம், ஆனால் உங்களுக்குப் பின்னால் வருபவர் அதை எதிர்பார்க்கமாட்டார். வாகனம் பெரிதா சிறிதா, யார் முதலில் சந்திக்கு வந்தார், யார் நேரே போகிறார், யார் திரும்புகிறார் என்ற எதுவும் இங்கே கணக்கில் இல்லை. பொலிஸ் உத்தியோகத்தர் நடுவில் நின்று கை காட்டினால் மட்டும் அவருடைய கைக்கே கீழ்ப்படிய வேண்டும்.

சூடு மிதித்த களத்தை நினைவிருக்கும் பெரியவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். நடுவில் கட்டையைச் சுற்றி மாடுகள் ஒரே திசையில் நடக்கும். புதுக்கட்டை உள்ளே போட வருபவர் மாடு கடக்கும்வரை களத்தின் ஓரத்தில் நிற்பார். மாட்டை நிறுத்திவிட்டு உள்ளே போக நினைத்தால் பின்னால் வரும் மாடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். எதிர்த் திசையில் ஒரு மாட்டை ஓட்டிவரவோ யாரும் கனவிலும் நினையார்.

இந்த முறை ஆதியிலிருந்தே இருந்ததல்ல. பாரிஸில் வெற்றி வளைவைச் சுற்றி 1907இல் வாகனங்களை ஒரே திசையில் ஓடவிட்டார்கள். இங்கிலாந்தில் லெச்வேர்த் நகரில் 1909 அளவில் ஒரு சுற்றுவட்டம் அமைத்தார்கள். திசை ஒன்றானதே தவிர, உள்ளே இருப்பவருக்கு முறையா, நுழைபவருக்கு முறையா என்பதற்கு நீண்ட காலம் தெளிவான விடை இருக்கவில்லை. வாகனங்கள் பெருகியபோது வட்டங்கள் இறுகிப்போயின. நுழைபவர்கள் தள்ளிக்கொண்டு நுழைய, உள்ளே இருப்பவர்கள் வெளியேறும் வாயிலை அடைய முடியாமல் நிற்க, அவர்கள் நிற்பதாலேயே வட்டம் நிரம்ப, கடைசியில் ஒருவராலும் அசைய முடியாது. பெரியதொரு வட்டத்தை ஒரு டசின் வாகனங்கள் பூட்டிவிடும். பிரித்தானியாவில் 1966இல்தான் உள்ளே சுற்றுபவருக்கு நுழைபவர் இடம்விட வேண்டும் என்ற விதி வந்தது. அந்த ஒரு விதியோடு பூட்டுத் திறந்தது. வீதியை அகலப்படுத்தாமலே அதே வட்டம் கூடுதலான வாகனங்களை அனுப்பத் தொடங்கியது. முறை பார்ப்பது மரியாதைக்காக மட்டுமல்ல, எல்லோரும் விரைவாகப் போய்ச் சேர்வதற்குமான வழி என்பதை இது காட்டுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதாரண நாற்சந்தியில் வாகனங்களின் பாதைகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடங்களைப் பொறியியலாளர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அவை 32. ஒற்றை வரிசைச் சுற்றுவட்டத்தில் அவை 8 மட்டுமே. நேருக்கு நேர் மோதுவதற்கோ, பக்கவாட்டில் முழு வேகத்தோடு இடிப்பதற்கோ அங்கே வழியில்லை. இடித்தாலும் சரிவாக, குறைந்த வேகத்தில்தான். அமெரிக்காவில் சிக்னல் விளக்குகளும் நிறுத்தற் பலகைகளும் இருந்த 24 சந்திகளைச் சுற்றுவட்டங்களாக மாற்றிப் பார்த்தபோது, காயம் ஏற்படுத்தும் விபத்துகள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு குறைந்தன என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு சொன்னது. ஆகவே சுற்றுவட்டம் ஆபத்தான இடமல்ல. ஆபத்தைக் குறைப்பதற்காகக் கட்டப்பட்ட இடம். ஆனால் அது வேலை செய்வதற்கு இரண்டு காரியங்கள் தேவை. வருபவர் வேகத்தைக் குறைக்க வேண்டும். நுழைபவர் முறை பார்க்க வேண்டும். இரண்டையும் விட்டுவிட்டால் அது நடுவில் பூச்செடி வைத்த வெறும் தடை.

பாரிஸைப் பற்றிச் சொன்னதால் ஒரு விடயம் ஞாபகம் வருகிறது. எமது பிள்ளைகள் பலர் அங்கே இருக்கிறார்கள். பிரான்ஸில் வீதியின் வலப்பக்கத்தால் ஓடுவார்கள். சுற்றுவட்டத்தை இடஞ்சுழியாகச் சுற்றுவார்கள். நுழையும்போது இடப்பக்கம் பார்ப்பார்கள். அந்த வெற்றி வளைவுச் சந்தியிலோ இன்றைக்கும் பழைய வழக்கப்படி நுழைபவருக்கே முறை. இருபது வருடம் அப்படி ஓட்டிப் பழகியவர் திருவிழாவுக்கென்று ஊருக்கு வந்து, வாடகைக்கு வான் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார். அவருடைய கண் தானாக இடப்பக்கம் திரும்பும். வாகனமோ வலப்பக்கத்தால் வரும். "தம்பி நல்லாய் ஓடுவான், வெளிநாட்டில் ஓடினவன்" என்று பெருமைப்படுவதோடு, முதல் இரண்டு நாளும் உள்ளூர்ச் சாரதி ஒருவரை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சமிக்ஞை விளக்கைப் பற்றியும் குழப்பம் உண்டு. முதலாவது வாயிலால் இடப்பக்கம் வெளியேறப் போகிறீர்கள் என்றால், வரும்போதே இடப்பக்கச் சமிக்ஞை போட்டு இடது வரிசையில் வாருங்கள். நேரே போவதானால் நுழையும்போது சமிக்ஞை தேவையில்லை. உங்களுடைய வாயிலுக்கு முந்திய வாயிலைக் கடந்தவுடன் இடப்பக்கச் சமிக்ஞை போட வேண்டும். வலப்பக்கம் போவதானாலோ, வந்த வழியே திரும்புவதானாலோ வலப்பக்கச் சமிக்ஞையோடு வலது வரிசையில் நுழைந்து, திட்டைச் சுற்றி, வெளியேறும் வாயிலுக்கு முன் இடப்பக்கச் சமிக்ஞைக்கு மாற்ற வேண்டும். நான்கு விளக்கையும் ஒன்றாக மினுக்கிக்கொண்டு "நேரே போகிறேன்" என்று காட்டும் வழக்கம் எமது சாரதிகளிடம் இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு பக்கத்து விளக்குத்தான் தெரியும்; அவர் நீங்கள் திரும்பப் போவதாகவே எண்ணுவார்.

லாண்ட்மாஸ்டரும் பெட்டியும்

இனி எமது வாகனத்துக்கு வருவோம். பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு வட்டத்துக்குள் நுழைந்து ஒழுங்குக்கு வர ஆறு விநாடியாவது பிடிக்கும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வான் ஒரு விநாடிக்கு 14 மீற்றர் ஓடும். ஆறு விநாடியில் ஏறக்குறைய 83 மீற்றர். 26 அடி இடைவெளியில் நட்ட தென்னந்தோட்டத்தில் பத்து மரத் தூரம். அந்தத் தூரத்துக்குள் வலப்பக்கத்தால் வேகமாக ஒன்று வந்துகொண்டிருந்தால் லாண்ட்மாஸ்டர் புறப்படக் கூடாது. மோட்டார் சைக்கிள்காரன் நுழைந்த இடைவெளி உங்களுக்குப் போதாது. பின்னால் நிற்பவர் ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும். பெட்டியின் நீளம் அவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

இதே கணக்கைச் சுற்றிவரும் வானின் பக்கமிருந்தும் பார்க்கலாம். வேகம் இருமடங்கானால் மோதலின் தாக்கம் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீற்றரில் அடிபட்ட பாதசாரி பெரும்பாலும் உயிர் பிழைப்பார். 50இல் அந்த நம்பிக்கை வெகுவாகக் குறைந்துவிடும். சுற்றுவட்டத்துக்குள் 30ஐத் தாண்ட எவருக்கும் அவசியமில்லை.

பெட்டியில் ஆட்களை ஏற்றுவதைப் பற்றிப் பேசாமலும் இருக்க முடியாது. இது மனதைத் தொடும் விடயம். இடப்பெயர்வின்போது அந்தப் பெட்டிதான் எமக்கு வீடாக இருந்தது. கிழவிகளையும் குழந்தைகளையும் தகரத்தையும் நெல்லையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக ஓடினோம். அன்று அது உயிரைக் காத்தது. இன்று அதே பெட்டியில் பின்பக்கப் பலகையில் காலைத் தொங்கப் போட்டபடி பத்துப் பேர் கலியாண வீட்டுக்கோ நாற்று நடுகைக்கோ போகும்போது, பின்னால் வரும் லொறியின் முகப்புக்கும் அந்தக் கால்களுக்கும் இடையில் எதுவும் இல்லை. இரவில் இன்னும் மோசம். பெட்டியின் பின்னால் விளக்கும் இல்லை, வெளிச்சம் பட்டால் மினுங்கும் சிவப்பு ரிப்ளெக்டரும் இல்லை. கார்ப்பெற் வீதியில் எழுபதில் வருபவருக்கு அது இருட்டுக்குள் இன்னொரு இருட்டு. ஒரு போத்தல் பூச்சிமருந்தின் விலைகூட இல்லாத காரியத்தைச் செய்யாமல் விட்டதற்கு எத்தனை குடும்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன!

இலங்கையில் வீதி விபத்துகளால் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும் பங்கினர் காருக்குள் இருந்தவர்கள் அல்லர். மோட்டார் சைக்கிளில் போனவர்கள், நடந்து போனவர்கள், சைக்கிளில் போனவர்கள். அதாவது எம்மைப் போன்றவர்கள். யுத்தத்தில் பிழைத்து, முகாமில் பிழைத்து, மிதிவெடி அகற்றிய காணியில் கிணற்றை இறைத்துப் பயிர் செய்யத் தொடங்கிய ஒரு தகப்பன் சந்தியில் விழுந்தால் அந்த வீடு மீண்டும் ஒருமுறை இடம்பெயர்கிறது. லீசிங் தவணை மட்டும் இடம்பெயராமல் நிற்கிறது.

சைக்கிளில் ரியூசனுக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சுற்றுவட்டத்தில் உள்ள ஆபத்து வேறு விதமானது. ஓரமாகப் போனால் பாதுகாப்பு என்று நாமே சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நேர் வீதியில் அது சரி. சுற்றுவட்டத்தில் பிள்ளை ஓரமாகச் சுற்றிக்கொண்டிருக்க, அதன் வலப்பக்கத்தில் வரும் வாகனம் இடப்பக்கம் வெளியேறும். பிள்ளையின் பாதையைக் குறுக்கே வெட்டிக்கொண்டே வெளியேறும். அந்த வாகனம் நீண்ட லொறியாக இருந்தால், சாரதிக்குத் தன் இடப்பக்க ஓரம் கண்ணாடியில் முழுமையாகத் தெரியாது. முன்சில்லு தாண்டிய இடத்தைப் பின்சில்லு தாண்டாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஆகவே லொறியின் இடப்பக்க இடைவெளிக்குள் சைக்கிளைச் செருகக் கூடாது. லொறிக்குப் பின்னால் நிற்பதே மேல். பெரிய சுற்றுவட்டங்களில் சிறு பிள்ளைகள் சைக்கிளை விட்டு இறங்கி, உருட்டிக்கொண்டு, பாதசாரிக் கடவையால் கடப்பதில் எந்த வெட்கமும் இல்லை. கொழும்புக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களுக்கு அதன் ஓரத்திலுள்ள லிப்டன் சுற்றுவட்டம் ஞாபகமிருக்கும். அங்கே நடுத்திட்டுக்குக் குறுக்கே ஓடிக் கடக்கலாம் என்று நினைப்பவர் கண்ணுக்கு வைத்தியம் செய்ய வந்தவராகத்தான் இருக்க வேண்டும்! கடவைகள் வட்டத்தின் வாயில்களிலிருந்து சற்றுத் தள்ளிக் கீறப்படுவது காரணத்தோடுதான்: வெளியேறும் சாரதி உங்களைக் கண்டு நிறுத்துவதற்கு அவருக்கு அந்த இடம் தேவை.

பஸ் சாரதிகளும் ரிப்பர் சாரதிகளும் இந்தப் பக்கங்களை வாசிக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவர்களைத் திருத்துவது பொலிஸாருடையதும், ஒரே நேரத்தில் இரண்டு பஸ்ஸை ஒரே வழியில் விட்டுவிட்டு ஓட்டப் போட்டி பார்ப்பவர்களுடையதும் பொறுப்பு. விளக்குக் கம்பமோ, இடம்விடும் கோடோ, தலைகீழ் முக்கோணப் பலகையோ இல்லாத சந்தியை உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் பிரதேச சபைக்கு எழுத்தில் அறிவிக்கலாம். பிரதியொன்றைப் பொலிஸ் நிலையத்துக்கும் அனுப்பலாம். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

எமது கையில் இருப்பது எமது பிள்ளைகளும் எமது லாண்ட்மாஸ்டரும். அதற்கு ஒரு பின்னேரம் போதும். பள்ளிக்கூட மைதானத்திலோ, அறுவடை முடிந்த களத்திலோ சாம்பலால் பெரிய வட்டம் ஒன்று கீறுங்கள். நடுவில் ஒரு உரலை வையுங்கள். நாலு பக்கமும் வழி கீறி, இடப்பக்கத்தால் மட்டும் வர வேண்டும் என்று சொல்லி, ஒரு டசின் சைக்கிள்களை விடுங்கள். முதற் சுற்றில் நுழைபவருக்கே முறை என்று வையுங்கள். சில நிமிடங்களில் பிள்ளைகள் உரலைச் சுற்றி ஒருவரோடொருவர் சிக்கிக்கொண்டு நிற்பார்கள், சிரிப்பார்கள். அடுத்த சுற்றில் வலப்பக்கத்தாருக்கு முறை என்று மாற்றுங்கள். ஏன் என்று அவர்களே சொல்லட்டும்.

கடைசியாக, பிள்ளைகளை வெளியே நிறுத்திவிட்டு, வெறும் பெட்டியோடு லாண்ட்மாஸ்டரைக் கொண்டுவந்து, வட்டத்துக்குள் நுழைந்து, சுற்றி, இடப்பக்கம் வெளியேறச் சொல்லுங்கள். ஓட்டுபவர் தான் ஓரத்துச் சாம்பல் கோட்டைத் தொடவில்லை என்று சத்தியம் செய்வார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டியின் இடப்பக்கச் சில்லு நுழையுமிடத்திலும் வெளியேறுமிடத்திலும் கோட்டை அழித்திருக்கும். அழிந்த அந்த இடம் ஒவ்வொன்றிலும் ஒரு சைக்கிளை நிறுத்தி வைத்து, ஓட்டுபவரை இறங்கி வந்து பார்க்கச் சொல்லுங்கள்.